பிள்ளைகளைப் பற்றி ஊர் சொல்வதும் நாம் நம்புவதும்

சென்ற பள்ளி விடுமுறையில், நம் மத்ரஸாவில் மாலை நேரம் ஓதும் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு ஏரல் வழியாகக் கொற்கைக்குச் சென்றிருந்தோம். பாண்டியர்களின் துறைமுகம், முத்துக்குப் பெயர் பெற்ற பட்டினம், கிரேக்க மாலுமிகளின் குறிப்புகளிலும் இடம் பெற்ற ஊர் என்றெல்லாம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனோம். இறங்கியதும் ஒரு பிள்ளை கேட்டது, “கடல் எங்கே ஹஜ்ரத்?”

நியாயமான கேள்விதான். கொற்கையில் இன்று கடல் இல்லை. வயலும் வாழையும் குளமும்தான் இருக்கின்றன. தமிழகத் தொல்லியல் துறையினர் 1968-69-லும் மீண்டும் 2021-லும் அங்கே அகழ்ந்து பழைய பட்டினத்தின் தடயங்களைக் கண்டார்கள். கடலோ பல கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. கடல் ஒரே இரவில் ஓடிவிடவில்லை. தாமிரபரணி ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் துறையை மூடியது. கப்பல்கள் காயலுக்குப் போயின. 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியது காயலைப் பற்றித்தான். அரபுக் குதிரைகள் வந்திறங்கியதும் அங்கேதான்.

திரும்பும்போது பேருந்தில் ஒரு பெரியவர் நம் பிள்ளைகளின் தலைமுடியைப் பார்த்துவிட்டு, “புள்ளிங்கோ எல்லாம் ஓதவும் போறாங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். நாமும் ஒப்புக்குச் சிரித்து வைத்தோம். பக்கத்தில் இருந்த பதினைந்து வயதுப் பிள்ளை சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து மெல்லச் சொன்னது: “ஹஜ்ரத், போன்ல எங்களைப் பத்தி என்ன வருதோ அதைத்தான் எல்லாரும் நம்புதாங்க. அன்னைக்கு எங்க வாப்பாவும் நான் சொன்னதை நம்பல. நீங்களும்தான் நம்பல.”

இந்தப் பாடத்தை எழுத வைத்தது அந்தச் சொல்தான். பிள்ளை எதைக் குறித்துச் சொன்னது என்பதைப் பின்னால் மறைக்காமல் கூறுவோம்.

திரை காட்டும் பிள்ளை

பதின்பருவத்துப் பிள்ளைகளைத் தமிழ்த் திரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எப்படிக் காட்டி வருகிறது என்று முதலில் பார்ப்போம். 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘பன்னீர் புஷ்பங்கள்’ என்று இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் பள்ளி வயதுக் காதலே கதை. 2002-ல் ‘துள்ளுவதோ இளமை’ வந்தது. அதில் பள்ளிப் பிள்ளைகள் வீட்டைவிட்டு ஓடினார்கள். 2004-ல் வந்த ‘காதல்’ படத்தில் மதுரையின் பள்ளி மாணவி ஒரு மெக்கானிக்குடன் சென்னைக்குப் போனாள். நல்ல படமா, கெட்ட படமா என்பது இங்கே நம் பேச்சல்ல. திரும்பத் திரும்ப ஒரே உருவம் காட்டப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறோம். பையனென்றால் காதலிப்பான், அல்லது ஆசிரியரை எதிர்ப்பான். பெண்பிள்ளையென்றால் காதலிக்கப்படுவாள். அவர்களுக்கு வேறு வேலையே இல்லை!

சுப்ஹுக்கு எழுந்து வாப்பாவின் கடையைத் திறந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளையும், சர்க்கரை நோயுள்ள உம்மாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்ணும் திரையில் வருவது அரிது. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. இதே ஆற்றங்கரையின் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ் 2024-ல் எடுத்த ‘வாழை’, விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் பள்ளிச் சிறுவனின் கதை. திரைக்குப் போங்கள் என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. நம் வட்டாரத்துப் பிள்ளையின் தோளில் உண்மையில் என்ன சுமை இருக்கிறது என்பதை ஒருவர் பார்த்திருக்கிறார், மற்றவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.

முஸ்லிம் வாலிபனுக்கோ இன்னொரு வேடமும் சேர்த்தே தைக்கப்பட்டிருக்கிறது. 2012-ல் ‘துப்பாக்கி’ வெளியானபோது, முஸ்லிம் இளைஞர்களைப் பயங்கரவாதிகளாகக் காட்டியதை நம் அமைப்புகள் எதிர்த்தன. படக்குழுவினர் வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கினார்கள். 2013-ல் ‘விஸ்வரூபம்’ பற்றியும் பெரிய சர்ச்சை எழுந்தது. அப்போது நாம் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “யாரோ சிலர் செய்ததற்கு எங்கள் பிள்ளைகள் அத்தனை பேர் மீதும் ஏன் முத்திரை குத்துகிறீர்கள்?”

சரியான கேள்வி. ஆனால் அதே கேள்வியை நம் வீட்டுப் பிள்ளை நம்மிடம் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? “இந்தக் காலத்துப் பையன்களே இப்படித்தான்”, “டூகே கிட்ஸ் என்றாலே அப்படித்தான்” என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! ‘புள்ளிங்கோ’ என்ற சொல் 2019 வாக்கில் ஒரு கானாப் பாட்டின் வழியே தமிழ்நாடெங்கும் பரவியது. முடியை ஒரு விதமாக வெட்டிக்கொண்ட பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது பட்டமாயிற்று. கேலிப் படங்கள் வந்தன, தொலைக்காட்சிச் செய்தியும் வந்தது. கடைசியில் பேருந்தில் ஒரு பெரியவர் வாயிலும் வந்தது. ஒருவரை ஒருவர் பரிகசிக்காதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (49:11). பெரியவர்கள் சிறியவர்களுக்குச் சூட்டலாம் என்று அந்த வசனத்தில் விலக்கு ஏதும் இல்லை.

திருமறை காட்டும் வாலிபர்

இப்போது திருக்குர்ஆனைத் திறந்து பாருங்கள். சிலைகள் உடைந்து கிடக்கின்றன. யார் செய்தது என்று ஊரார் விசாரிக்கிறார்கள். இப்ராஹீம் என்று ஒரு வாலிபர் இவற்றைக் குறை சொல்லக் கேட்டோம் என்கிறார்கள் (21:60). அந்த ஊரின் செய்தியில் இப்ராஹீம் (அலை) ஒரு குழப்பக்கார வாலிபர், அவ்வளவுதான். நெருப்பில் போடு என்று தீர்ப்பும் வந்தது. அல்லாஹ்விடமோ அவர் கலீல், உற்ற நண்பர்!

குகைவாசிகளைப் பாருங்கள். தங்கள் இறைவன் மீது ஈமான் கொண்ட வாலிபர்கள் என்று அல்லாஹ் அவர்களை அறிமுகம் செய்கிறான் (18:13). அவர்களுடைய ஊர் அவர்களை ஓடிப்போனவர்கள் என்றுதான் நினைத்திருக்கும்.

யூசுப் (அலை) அவர்களைப் பாருங்கள். குற்றம் செய்தவர் அவரல்ல, ஆனால் நகரத்துப் பெண்களின் வாயில் அவர் பேச்சானார் (12:30). குற்றமற்றவர் என்பதற்கான அடையாளங்களைக் கண்ட பிறகும் அவரைச் சிறையில் போட்டார்கள் (12:35). அழகான வாலிபர் ஒருவரைப் பற்றிய பேச்சு அன்றும் எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கிறது!

இந்த மூன்று இடங்களிலும் நமக்கு ஒரே பாடம் இருக்கிறது. வாலிபரைப் பற்றி ஊர் சொல்வது ஒன்று, அல்லாஹ் அறிந்தது வேறொன்று. வாலிபர்கள் எல்லாரும் இப்ராஹீம்களும் யூசுப்களும் என்று நாம் சொல்லவில்லை. ஊர் சொல்வது அத்தாட்சி ஆகாது என்றுதான் சொல்கிறோம்.

பெருமானார் (ஸல்) பார்த்த பார்வை

நபி (ஸல்) அவர்கள் தவறு செய்த பிள்ளைகளை எப்படிப் பார்த்தார்கள்? மூன்று நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று: ஹுனைன் போருக்குப் பின் பெருமானார் திரும்பும் வழியில் பாங்கு சொல்லப்பட்டது. அவ்வழியே நின்ற மக்கத்து விடலைகள் சிலர் அதைப் பரிகாசம் செய்து உரக்கக் கத்தினார்கள். அவர்கள் இன்னும் இஸ்லாத்தில் சேராதவர்கள். பெருமானார் அவர்களை அழைத்து வரச் செய்து, நல்ல குரல் யாருடையது என்று கேட்டார்கள். அபூ மஹ்தூராவை மற்றவர்கள் காட்டினார்கள். அடி விழும், உதை விழும் என்று அவர் நினைத்திருப்பார். பெருமானாரோ அவருக்குப் பாங்கின் வாசகங்களைத் தாமே சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு முடிச்சில் வெள்ளி கொடுத்தார்கள், முன்நெற்றியைத் தடவி பரக்கத்துக்கு துஆச் செய்தார்கள். அதுவரை மனத்தில் இருந்த வெறுப்பு நீங்கிப் பிரியமாயிற்று. பரிகசித்த அதே வாய்தான் பிறகு மக்காவின் பாங்கைச் சொன்னது. பெருமானாரின் கை பட்ட முன்முடியை அவர் பிறகு வெட்டிக்கொள்ளவே இல்லை என்று அபூதாவூதில் வருகிறது. ஒரு பிள்ளையின் முடி எதற்கெல்லாம் அடையாளமாக இருக்க முடியும், பாருங்கள்!

இரண்டு: ஒரு வாலிபர் சபையில் வந்து, விபசாரத்துக்கு அனுமதி தாருங்கள் என்று பெருமானாரிடமே கேட்டார். கூடியிருந்தவர்கள் அதட்டினார்கள். பெருமானார் அவரைத் தம் அருகில் அழைத்து உட்கார வைத்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு விரும்புவாயா, சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மாட்டேன், மாட்டேன் என்றார் அவர். பிறகு கையை அவர் மேல் வைத்து, பாவம் மன்னிக்கப்படவும் உள்ளம் தூய்மை அடையவும் கற்பு காக்கப்படவும் துஆச் செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் உள்ள ஹதீஸ் இது. இன்று அப்படி ஒரு பிள்ளை கேட்டால், அந்தச் சபையில் எத்தனை போன்கள் அதைப் படம் பிடித்திருக்கும்!

மூன்று: ஹிஜ்ரி 11-ல், சுமார் பதினெட்டே வயதான உஸாமா (ரலி) அவர்களைப் பெருமானார் படைத்தலைவராக்கினார்கள். மூத்த ஸஹாபாக்கள் இருக்க இவரா என்று சிலர் குறை பேசினார்கள். இவர் தந்தையின் தலைமையையும் முன்பு குறை பேசியவர்கள்தானே நீங்கள், இவர் தகுதியுள்ளவர் என்று பெருமானார் பதில் சொன்னார்கள்.

திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விடுவது இதற்குப் பொருளல்ல. தலையில் ஒரு பகுதியை மழித்து ஒரு பகுதியை விடுவதைப் பெருமானார் தடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு சிறுவரைக் கண்டபோது முழுவதும் மழியுங்கள், அல்லது முழுவதும் விடுங்கள் என்றார்கள். முடியைத்தான் திருத்தினார்கள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்துச் சிரிக்கவில்லை.

செய்தியும் பிள்ளையும்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையும் காயமடைந்தாள். அதையொட்டி அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் தரப்பட்ட அறிக்கை, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றும், பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு கூடாது என்றும் சொன்னது. 2025 மார்ச்சில் கொற்கைக்கு அருகே ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் வெட்டப்பட்டார்.

இந்தச் செய்திகள் வந்தபோது நம் திண்ணைகளில் என்ன பேச்சு நடந்தது? “மாணவர்கள் கெட்டுவிட்டார்கள், சினிமா கெடுத்துவிட்டது” என்ற பேச்சுத்தான். கயிறு கட்டியது மாணவனின் கை என்றால், அந்தக் கயிற்றை முறுக்கிக் கொடுத்தவர்கள் யார்? பெரியவர்கள்தானே! சாதியைப் பிள்ளை தன் வீட்டிலும் தெருவிலும் கற்கிறது. குற்றத்தின் வேர் பெரியவர்களிடம் இருக்க, செய்தியின் தலைப்பில் மட்டும் பிள்ளையின் வயது இருக்கிறது. வெட்டுப்பட்டவரும் ஒரு மாணவர்தான் என்பதும் அந்தப் பேச்சில் மறந்துபோகிறது.

அந்தப் பிள்ளைகளின் பெயர்களை நாம் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட சிறாராயினும் பாதிக்கப்பட்ட சிறாராயினும் அவர்களுடைய பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பாலியல் குற்றங்களில் போக்சோ சட்டம் 2012-ம் இதே தடையை விதிக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கு மட்டுமான சட்டம் என்று எண்ண வேண்டாம். பிற தகவல் தொடர்பு முறைகளையும் அப்பிரிவு சேர்த்தே சொல்கிறது. நம் கையிலுள்ள போனும் அதில் அடங்கும்.

சட்டம் 2015-ல் சொன்னதை ஷரீஅத் முன்பே சொல்லிவிட்டது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவாக விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (49:6). அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது, அதைக் கேட்ட உடனேயே முஃமின்கள் தங்களவரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று கேட்கிறான் (24:12). நாவிலிருந்து நாவுக்கு அதை வாங்கிக் கொண்டீர்கள், இலேசாக நினைத்தீர்கள், அல்லாஹ்விடம் அது மிகப் பெரியது என்கிறான் (24:15). விரலால் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவதும் இந்த வாங்கிக் கொடுத்தல்தான். கேட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் ஹதீஸும் இருக்கிறது.

நம்முடைய தவறு

இனி அந்தப் பிள்ளை பேருந்தில் சொன்ன செய்திக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பள்ளிச் சீருடையில் சில பையன்கள் ஆற்றோரம் உட்கார்ந்து புகைபிடிக்கிறார்கள். அதில் முதுகு காட்டி இருந்த ஒருவன் இந்தப் பிள்ளையைப் போலவே நமக்குத் தெரிந்தான். நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு அவன் வாப்பாவிடம் காட்டினோம். பிள்ளை, “நான் இல்லை” என்று அழுதது. யாரும் கேட்கவில்லை. அடி விழுந்தது. பிறகு விசாரித்தால், அது இரண்டு வருடத்துக்கு முந்தைய வீடியோ, வேறு மாவட்டம்! பிள்ளை மூன்று மாதம் மத்ரஸாப் பக்கமே வரவில்லை. நாமே வீட்டுக்குப் போய், அவன் உம்மாவும் வாப்பாவும் பார்க்க, மாப்பு கேட்ட பிறகுதான் வந்தது. 49:6-ஐ எத்தனை வருடமாக ஓதிக் கொடுத்திருக்கிறோம்! நம் கையில் போன் வந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அவதூறால் ஓர் ஆண்பிள்ளைக்கு இந்த நிலை என்றால் பெண்பிள்ளைக்கு என்ன ஆகும்? தொடரில் ஒரு பெண் ஓடிப்போனாள் என்பதற்காகப் பிளஸ் ஒன் படிப்பை நிறுத்திய வீடுகளை நாம் அறிவோம். அந்தப் பெண்பிள்ளை செய்த குற்றம் என்ன?

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பிள்ளைகளைப் பற்றி எந்த வீடியோ வந்தாலும் அதை அனுப்பாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் அனுப்பாதீர்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைக்கிறான். பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் பெற்றோரிடமோ, குழந்தைகள் உதவி எண் 1098-லோ மட்டும் சொல்லுங்கள்.

2. குற்றச்சாட்டு வந்தால் முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள். தனியாக உட்கார வைத்து முழுவதையும் கேளுங்கள். கை ஓங்கிய பிறகு கேட்கும் கேள்விக்கு உண்மை பதிலாக வராது.

3. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று தொடங்கும் பேச்சை வீட்டில் நிறுத்துங்கள். குறை இருந்தால் அந்தக் குறையின் பெயரைச் சொல்லுங்கள். “சுப்ஹு தவறுகிறது வாப்பா” என்றால் அது திருத்தம். “நீயெல்லாம் உருப்பட மாட்டாய்” என்றால் அது சாபம்.

4. பிள்ளைகள் பார்ப்பதை அவர்களோடு இருந்து பேசுங்கள். “இதில் வரும் பையன் உன்னைப் போல இருக்கிறானா? உன் லாத்தாவைப் போல ஒரு பெண் இதில் வருகிறாளா?” என்று கேளுங்கள். பார்க்கப் பார்க்க அதே வகைப் படத்தைத்தான் போன் மேலும் மேலும் கொண்டுவரும் என்பதையும் விளக்குங்கள்.

5. பொறுப்புக் கொடுங்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும், நோன்புக் கஞ்சி பங்கிடவும், ஜமாஅத்தின் கணக்கு எழுதவும் வாலிபர்களை அழையுங்கள். உஸாமாவுக்குப் படை கிடைத்தது. நம் பிள்ளைக்கு ஒரு சாவிக்கொத்தாவது கிடைக்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

இதைப் படிக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே! ஊர் தவறாகச் சொல்கிறது என்பதால் நீங்கள் சரியாகிவிட மாட்டீர்கள். பாலிகான நாளிலிருந்து உங்கள் ஏட்டை மலக்குகள் எழுதுகிறார்கள். செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் (17:36). திரையில் ஒருவன் ஆசிரியரை இழிவாகப் பேசிக் கைதட்டு வாங்குகிறான் என்று நீங்களும் பேசினால், ஊர் உங்களுக்குச் சூட்டிய பட்டத்தை நீங்களே எடுத்து அணிந்துகொண்டவர்கள் ஆவீர்கள். அல்லாஹ்வின் வணக்கத்தில் வளர்ந்த வாலிபருக்கு, வேறு நிழலே இல்லாத நாளில் அர்ஷின் நிழல் உண்டு என்பது நாயக வாக்கு. உங்களைப் பற்றிய உயர்ந்த செய்தி அதுவே.

கொற்கையின் துறையை ஆற்றின் வண்டல் மூடியது. ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்தது கொஞ்சம் மண்தான். நம் பிள்ளைகளைப் பற்றிய படமும் பட்டமும் கேலியும் வதந்தியும் அதுபோலத்தான் நாள்தோறும் நம் மனத்தில் படிகின்றன. ஒரு நாள் பிள்ளை உண்மையைச் சொல்லிக்கொண்டு நம்மிடம் வரும்போது, அது வந்து சேரும் துறை நம்மிடம் இல்லாமல் போய்விடக் கூடாது.

பிள்ளைகளைக் குறித்து நல்லெண்ணம் கொள்ளவும், கேட்டதை விசாரிக்கவும், குறையைக் கண்டால் மறைத்துத் திருத்தவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.